கறை எடுக்கிறவள்

கமலாம்பாளுக்குக் கறையைக் கண்டால் கை சும்மா இருக்காது. அது பிறவிக் குணம் இல்லை. பனியன் கம்பெனியில் ஒரே மேசையில் பதினோரு வருஷம் உட்கார்ந்ததில் வந்த குணம்.

நிட்டிங் மெஷினில் ஊசிக்கு ஆயில் விடாவிட்டால் மெஷின் ஓடாது. ஆயில் விட்டால் துணியில் சொட்டாமல் இருக்காது. துணி சலவைக்குப் போய் வெளுத்து வந்த பிறகும் மிளகு அளவுக்கு, சில சமயம் எட்டணாக் காசு அளவுக்கு, மங்கலாக ஒரு திட்டு நின்றுவிடும். தைத்து முடித்த பனியனில் அப்படி ஒரு திட்டு இருந்தால் அந்த உருப்படி இரண்டாம் தரம். அதை முதல் தரமாக்குவது கமலாம்பாளின் வேலை. ஜன்னலோரம் ஒரு மேசை, கிண்ணத்தில் பெட்ரோல், டப்பாவில் சாக்பொடி, மடியில் பனியன் வெட்டியதில் மிஞ்சின வேஸ்ட் துணி. வெளிச்சத்துக்கு நேராகப் பனியனைத் தூக்கிப் பிடிப்பாள். கறை கண்ணில் படும். துணியில் பெட்ரோல் தொட்டு, வெளியிலிருந்து உள்ளுக்கு வட்டமாகத் தேய்ப்பாள், பொடி தூவித் தட்டுவாள், அடுத்ததை எடுப்பாள். ஒரு நாளைக்கு முந்நூறு உருப்படி. யோசித்துக்கொண்டிருந்தால் முந்நூறு முடியாது. கண் பார்த்ததும் கை போய்விட வேண்டும்.

பெட்ரோலில் ஊறி ஊறி அவள் வலது கை விரல் நுனிகள் வெளுத்து, தோல் தடித்து, உணர்ச்சி குறைந்து கிடந்தன. கொதிக்கிற காப்பி டம்ளரை அப்படியே பிடித்துக்கொண்டு வருவாள். பார்க்கிறவர்கள்தான் பதறுவார்கள்.

திருப்பூர்க்காரர்களான எங்களைப் பற்றியும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வேஸ்ட் துணி இல்லாவிட்டால் எங்களுக்குப் பொழுது விடியாது. சைக்கிளைத் துடைப்பது அதில், டீக்கடை பெஞ்சைத் துடைப்பது அதில், பிள்ளை மூக்கைத் துடைப்பது அதில், சாமி படத்தைத் துடைப்பதும் அதில்தான். ஆணோ பெண்ணோ, இடுப்பில் ஒரு துண்டு சொருகியிருக்கும். கமலாம்பாள் இடுப்பிலும் இருந்தது. இந்தக் கதைக்கு அது போதும்.

அவள் புருஷன் சென்னிமலை வேறொரு கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஓட்டினார். கைத்தறிக் குடும்பம். அப்பா காலத்தில் தறி, இவர் காலத்தில் மெஷின். நல்ல பேச்சுக்காரர். பத்துப் பேர் கூடினால் ஒன்பது பேரைச் சிரிக்க வைத்துவிட்டு, பத்தாமவன் ஏன் சிரிக்கவில்லை என்று விசாரிப்பார். வருஷா வருஷம் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பார். பத்தொன்பது வருஷம் ஒன்று தப்பாமல் நடந்தவர். செருப்புப் போடாமல் நடந்து வந்து, காலில் இருக்கிற கொப்புளத்தை எண்ணிக் காட்டிப் பெருமை பேசுவார்.

எழுபத்து மூன்றாம் வருஷம் ஆவணியில், சவரம் செய்துகொள்ளும்போது கழுத்தில் இடது பக்கம் ஒரு நெறிகட்டி தட்டுப்பட்டது. கொட்டைப்பாக்கு அளவு. வலி இல்லை. “பல்லுல கோளாறா இருக்கும்” என்றார். பத்துப் போட்டார்கள். அடங்கவில்லை. புரட்டாசி முடிவதற்குள் அதன் கீழே இன்னும் இரண்டு வந்துவிட்டன. வரிசையாக, தொட்டால் நழுவிக்கொண்டு.

அப்புறம்தான் மங்கலம் ரோட்டில் இருந்த டாக்டர் திருமூர்த்தியிடம் போனார்கள். நடுத்தர வயசு, தடித்த மூக்குக்கண்ணாடி, அதட்டிப் பேசத் தெரியாத மனுஷன். கழுத்து, அக்குள், தொடையிடுக்கு எல்லாம் தடவிப் பார்த்தார். வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தார்.

“நெறி கட்டறதுக்கு நெறையக் காரணம் இருக்குதுங்க” என்றார். “கால்ல முள்ளுக் குத்திச் சீழ் வெச்சாத் தொடையிடுக்குல கட்டும். பல்லு சொத்தையானாத் தாடைக்கடியில கட்டும். அதெல்லாம் புண்ணு ஆறினாத் தானாப் போயிரும். உங்களுக்குப் புண்ணும் இல்ல, பல்லும் நல்லா இருக்குது. ரெண்டு மாசமாப் போகவும் இல்ல. டி.பி.யா இருக்கலாம். கண்டமாலைங்கறாங்களே, அது. அதுக்கு மருந்து இருக்குது. ஒன்றரை வருசம் விடாமப் பாத்தாக் கேட்டுரும்.”

“அதுவும் இல்லீன்னா?” என்று கேட்டது கமலாம்பாள்.

டாக்டர் மேசைமேல் இருந்த பேனாவைத் திருப்பி வைத்தார். “மூணாவதா ஒண்ணு இருக்குதும்மா. அது என்னன்னு இப்பவே பேச வேண்டாம். மொதல்ல எதுன்னு பாத்துரலாம்.”

பார்ப்பதற்கு வழக்கமான வழி, கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரியில் படுத்து, கட்டியை அறுத்து எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவது. அறுக்கிறது என்றதும் சென்னிமலைக்கு முகம் செத்துப்போனது. டாக்டர் மெட்ராஸில் இருந்தபோது ஒரு பெரியவரிடம் வேறொரு முறை பழகியிருந்தார். மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் விட்டு, உள்ளே இருக்கிறதில் கொஞ்சம் இழுத்து, கண்ணாடித் துண்டில் தடவி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. ஐந்து நிமிஷ வேலை. “எல்லாத்தையும் அது சொல்லிறாது. ஆனா எந்தப் பக்கம் போவோணும்னு சொல்லிரும்” என்றார்.

அடுத்த புதன்கிழமை காலையில் அதைச் செய்தார்கள். ஐப்பசி மாசம். கமலாம்பாள் கதவோரம் நின்று பார்த்தாள். பெரிய சிரிஞ்சு, அதில் மயிர் போல ஊசி. சிரிஞ்சு காலியாக இருந்தது.

“மருந்து போடலீங்களே, டாக்டரே?” என்றார் சென்னிமலை.

“இது போடற ஊசி இல்லீங்க. எடுக்கற ஊசி.”

டாக்டர் இடது கை விரல் இரண்டால் கட்டியை நழுவ விடாமல் பிடித்து, ஊசியை இறக்கி, பின்தண்டை இழுத்துப் பிடித்தபடி உள்ளேயே முன்னும் பின்னுமாக நாலைந்து தரம் ஆட்டினார். சென்னிமலை கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார், முருகா என்றார், முடிந்துவிட்டது. ஊசிக்குள் வந்திருந்தது ஒரு சொட்டுகூட இல்லை. கதவுக்கு முதுகு காட்டித் திரும்பி, அதைக் கண்ணாடித் துண்டில் பீய்ச்சி, இன்னொரு கண்ணாடியால் இழுத்துத் தடவினார். இப்படி மூன்று கண்ணாடி. காற்றில் ஆட்டிக் காயவைத்தார். அந்த நேரத்தில் வாசலில் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு யாரோ அலறிக்கொண்டு வந்ததால் டாக்டர் அங்கே போய்விட்டார்.

கம்பவுண்டர் வேலுமணிதான் மூன்றையும் செய்தித்தாளில் சுற்றி, காலி மாத்திரை அட்டைப்பெட்டிக்குள் வைத்து, நூல் கட்டிக் கொடுத்தான். இருபத்தைந்து வயசு, கல்யாணம் நிச்சயமாகியிருந்தவன், ரொம்ப மரியாதைக்காரன். அந்தக் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லக்கூடியவர்கள் திருப்பூரில் அப்போது இல்லை. கோயமுத்தூரில் ஒரு லேடி டாக்டர் பரிசோதனைக்கூடம் வைத்திருந்தார். அன்றைக்கு மத்தியானத்துக்குள் அங்கே சேர்க்க வேண்டும். சென்னிமலைக்கு ஷிப்ட். கமலாம்பாள் லீவு சொல்லியிருந்தாள்.

“அம்மிணி, கண்ணாடி பத்திரமுங்க. கீழ போட்டுட்டாப் போச்சு” என்றான் வேலுமணி.

“கண்ணாடி ஒடஞ்சறாமப் பாத்துக்கம்மா” என்று உள்ளேயிருந்து டாக்டர் குரல் கொடுத்தார்.

“ஒடச்சீன்னா எனக்கு மறுக்காக் குத்துவாங்க புள்ள. என்ற கழுத்து உன்ற கையில இருக்குது” என்றார் சென்னிமலை, கழுத்தில் பஞ்சை அமுக்கிப் பிடித்துக்கொண்டு.

மூன்று பேர் மூன்று தரம் கண்ணாடியைச் சொன்னார்கள். கண்ணாடிமேல் இருப்பதை ஒருத்தரும் சொல்லவில்லை. அவர்களுக்கு அது தெரிந்த விஷயம். தெரிந்த விஷயத்தை யார் சொல்லுவார்கள்?

பஸ் மங்கலம் வழியாகப் போனது. கமலாம்பாள் பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தாள். சாமளாபுரத்தில் பஸ் நின்றது. மேலே துணி மூட்டை ஏற்றினார்கள். பவர்லூம் ஓடுகிற ஊர், மூட்டைக்குக் குறைச்சலில்லை. ஒரு மூட்டை கூரையில் விழுந்த வேகத்தில் சீட்டே அதிர்ந்தது. அவளுக்குத் திக்கென்றது. கண்ணாடி விரிசல் விட்டிருக்குமோ?

நூலை அவிழ்த்தாள். காகிதத்தைப் பிரித்தாள். மூன்றும் முழுசாக இருந்தன. அப்பாடா என்று ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். நடுவில் மங்கலாக, சளி காய்ந்த மாதிரி ஒரு திட்டு.

அந்தக் கணத்தில் அவள் என்ன நினைத்தாள் என்று பிற்பாடு அவளே எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்திருக்கிறாள். ஒன்றும் நினைக்கவில்லை. பெரிய டாக்டரம்மா கையில் கொடுக்கப்போகிற கண்ணாடி இப்படி அழுக்காக இருக்கிறதே என்றுகூட முழுசாக நினைக்கவில்லை. ஊசிக்குள் வந்தது சிரிஞ்சிலேயே இருப்பதாகவும் கண்ணாடி வேறு எதற்கோ என்றும் அரைகுறையாக ஒரு எண்ணம் இருந்திருக்கலாம். கை இடுப்புக்குப் போனது. பெட்ரோல் வாசம் அடிக்கிற வேஸ்ட் துணியை எடுத்தாள். கண்ணாடிமேல் ஹாவென்று ஊதினாள். வெளியிலிருந்து உள்ளுக்கு வட்டமாகத் தேய்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பளிச்சென்று இருந்தன. ஒரு வேலையைச் சரியாகச் செய்த திருப்தி வந்தது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், திருப்தி வந்தது.

மறுபடி சுற்றி, நூல் கட்டி, பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

லேடி டாக்டருக்கு ஐம்பது வயசு இருக்கும். பெட்டியைப் பிரித்து ஒரு கண்ணாடியை எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்தார். அடுத்ததைப் பிடித்தார். மூன்றாவதைப் பிடித்தார்.

“ஏம்மா, இதுல ஒண்ணுமே தடவலையே. புதுக் கண்ணாடி மாதிரி இருக்கு. கட்டிக்குள்ள இருந்து எடுத்தது இதுமேல இருக்கணும். அதைத்தான் நான் பார்க்கணும்.” கமலாம்பாள் முகத்தைப் பார்த்தார். “வழியில யாராவது துடைச்சீங்களா?”

கமலாம்பாளுக்கு விரல் நுனியில் இருந்த மரமரப்பு கை முழுக்க ஏறி நெஞ்சுக்கு வந்த மாதிரி இருந்தது. அழுகை வரவில்லை. பயம்கூட வரவில்லை.

“இல்லீங்க” என்றாள். “அப்பிடித்தானுங்க குடுத்தாங்க.”

லேடி டாக்டர் எதற்கும் இருக்கட்டும் என்று சாயம் போட்டுப் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, சீட்டில் எழுதிக் கொடுத்தார். ஒரு செல்லும் இல்லை, பஞ்சு இழை மட்டும் இருக்கிறது, மறுபடி எடுத்து அனுப்பவும்.

திருப்பூருக்கு எப்படித் திரும்பி வந்தாள் என்று அவளுக்கு ஞாபகம் இல்லை. டிக்கெட் வாங்கியிருப்பாள், உட்கார்ந்திருப்பாள், இறங்கியிருப்பாள்.

டாக்டர் திருமூர்த்தி சீட்டைப் படித்ததும், அதட்டத் தெரியாத அந்த மனுஷனே குரலை உயர்த்தினார். கண்ணாடிப் பெட்டியில் புதுக் கண்ணாடியும் தடவின கண்ணாடியும் பக்கத்தில் பக்கத்தில்தான் கிடக்கும். வேலுமணி மாற்றிச் சுற்றிவிட்டான் என்று அவருக்குத் தோன்றியது. “ஒரு மனுசன் கழுத்தைக் குத்தி எடுத்ததுப்பா, மளிகைச் சாமானா கட்டிக் குடுக்கறே?” என்றார். வேலுமணி தலையைக் குனிந்துகொண்டு, “நான் பாத்துத்தானுங்க வெச்சேன்” என்றான். அதற்கும் திட்டு விழுந்தது. கமலாம்பாள் மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள். வாயைத் திறந்தால் போதும். திறக்கவில்லை.

“ஒண்ணும் இல்லைன்னு நெனச்சுக்காதீங்க” என்று டாக்டர் சென்னிமலையிடம் அழுத்திச் சொன்னார். “இன்னும் பாக்கவே இல்ல, அவ்வளவுதான். அடுத்த வாரம் மறுக்கா எடுத்தரலாம்.”

சென்னிமலை சரிங்க சரிங்க என்று தலையாட்டிவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் பேச்சு மாறிவிட்டது. “உள்ள போயி சுத்திச் சுத்திப் பாத்துச்சு புள்ள அந்த ஊசி. ஏதாச்சும் இருந்தாச் சிக்கியிருக்கும். இல்லாததுக்கு எதுக்கு இன்னொருக்காக் குத்தறது?” என்றார். குத்தின கட்டி ஒரு சுற்று வற்றின மாதிரி வேறு இருந்தது. கம்பெனியில், டீக்கடையில், கோயிலில், பார்க்கிறவர்களுக்கெல்லாம் கழுத்தைக் காட்டிக் கதை சொன்னார். காலி ஊசியால் குத்திக் காலியாகத் திரும்பின கதை. எல்லாரும் சிரித்தார்கள்.

அந்த மனுஷனை மறுபடி டாக்டரிடம் அனுப்ப ஒரே வழிதான் இருந்தது. உள்ளே இருந்து எடுத்தார்கள், நான்தான் துடைத்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். அவளுக்கு அது நன்றாகத் தெரியும். காலையில் எழுந்ததும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பாள். சோறு போடும்போது வாய் வரைக்கும் வரும். அவர் ஏதாவது வேடிக்கையாகச் சொல்வார். அத்தோடு போய்விடும். அப்புறம் அப்படி நினைப்பதும் நின்றுவிட்டது. ஒருவேளை அவர் சொல்வதுதான் சரியோ, உள்ளே ஒன்றும் இல்லையோ என்று ஒரு பக்கம். எதையும் நினைக்காமல் இருப்பது அதைவிடச் சுலபமாக இருந்தது. கம்பெனிக்குப் போனாள், முந்நூறு எடுத்தாள், வந்தாள். தீபாவளி வந்தது, போனது. என்ன செய்தோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

வேலுமணி இரண்டு தரம் சைக்கிளில் வந்தான். “டாக்டர் கட்டாயம் வரச் சொன்னாருங்க. மறுக்கா எடுக்கோணுமாமுங்க. இந்த வாட்டி அவரே சுத்திக் குடுக்கறாராமுங்க.” கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவன் முகம் சுருங்கியது. கமலாம்பாள் அவனுக்குக் காப்பி கொடுத்தாள். கொதிக்கிற டம்ளரை விரல் நுனியில் பிடித்துக் கொடுத்தாள். அவன் வாங்கி, சூடு தாங்காமல் கீழே வைத்தான்.

மார்கழியில் சென்னிமலையின் வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. விடியும்போது பாய் நனைந்து கிடக்கும், அவ்வளவு வியர்வை. உடம்பெல்லாம் அரிப்பு. அக்குளிலும் கட்டி வந்துவிட்டது. “பழனிக்கு நடந்தா எல்லாம் கரைஞ்சிரும். முருகன் பாத்துக்குவான்” என்றார். தையில் பச்சை வேட்டி கட்டிக்கொண்டு கூட்டத்தோடு கிளம்பினார். கமலாம்பாள் தடுக்கவில்லை.

மூன்றாம் நாள் உச்சி வெயிலில் அவர் வாசலில் வந்து நின்றார். கூட வந்த ஒருவர் தாராபுரத்தில் பஸ் ஏற்றிவிட்டிருக்கிறார். தாராபுரம் வரைக்கும் நடப்பதற்குள் நாலு இடத்தில் உட்கார்ந்துவிட்டாராம். அமராவதி ஆற்றில் குளிக்க இறங்கினவரால் கரை ஏற முடியவில்லையாம். சென்னிமலை உள்ளே வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். பாதத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

“கொப்புளமே வரல புள்ள” என்றார். “கொப்புளம் வர்ற அளவுக்குக்கூட நடக்கல.”

அப்போதுதான் கமலாம்பாள் சொன்னாள். அவர் எதிரில் உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்க்காமல் அந்தப் பாதத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“அந்தக் கண்ணாடிய நான் தொடச்சுப்போட்டனுங்க. சாமளாபுரத்துல பஸ்ஸு நின்னப்ப. அழுக்காட்ட இருந்துச்சு. மூணையும் தொடச்சுப்போட்டேன். உள்ள இருந்து எடுத்தாங்க, இருந்துச்சு, நாந்தான்.”

அடிப்பாரோ என்று அவள் நினைத்தாள். அடித்தால் தேவலை என்றுகூட நினைத்தாள். அவர் தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிக்கிறார் என்று புரியச் சற்று நேரமானது.

“கறை எடுக்கறவ கையில கறையக் குடுத்தனுப்பிச்சா அவ என்னத்தப் பண்ணுவா?” என்றார். சிரிப்பு இருமலாகி அடங்கியது. அப்புறம் கேட்டார், “வேலுமணிகிட்டச் சொல்லிட்டியா?”

“இல்லீங்க.”

“பாவம் புள்ள, அந்தப் பையன். மொதல்ல அதப் போயிச் சொல்லிட்டு வா.”

அவள் அப்படியே எழுந்து நடந்தாள். வேலுமணியிடமும் டாக்டரிடமும் ஒரே மூச்சில் சொன்னாள். டாக்டர் நாற்காலியில் பின்னால் சாய்ந்துகொண்டார். வேலுமணி, “நானும் சொல்லலீங்களே அம்மிணி, தொடைக்கக் கூடாதுன்னு நானும் சொல்லலீங்களே” என்றான். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. கமலாம்பாளுக்குக் கலங்கவில்லை.

மறுநாளே மறுபடி ஊசி. இந்தத் தரம் கழுத்தில் ஒன்று, அக்குளில் ஒன்று. வேலுமணி பெட்டியின் நான்கு பக்கமும், ‘துடைக்கக் கூடாது’ என்று சிவப்பு மையில் எழுதிவிட்டான். அதைப் பார்த்துச் சென்னிமலை, “என்ற நெத்தியிலயும் எழுதி உடு வேலுமணி. இவ தொடச்சுப்போடுவா” என்றார். டாக்டர்கூடச் சிரித்தார். கமலாம்பாள் இடுப்பிலிருந்த வேஸ்ட் துணியை எடுத்து அங்கேயே ஒரு மூலையில் போட்டுவிட்டு பஸ் ஏறினாள். சாமளாபுரத்தில் மூட்டை ஏற்றினார்கள். அவள் பெட்டியைத் திறக்கவில்லை.

லேடி டாக்டர் அவளை உட்காரவைத்துவிட்டு உள்ளே போனார். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது, பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுத் தானும் உட்கார்ந்துகொண்டார். போன தரம் நின்றுகொண்டேதான் பேசினார். அந்த நாற்காலி தரையில் உரசின சத்தத்திலேயே கமலாம்பாளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

மூணாவதுதான்.

நெறிகட்டியிலேயே பிறக்கிற புற்று. பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு கட்டியை அறுத்தும் பார்த்தார்கள். ஊசி சொன்னதையே கத்தியும் சொன்னது. கரண்டு வைத்தார்கள், கதிர் பாய்ச்சுகிற வைத்தியம். கழுத்துத் தோல் கருத்து, கட்டி கரைந்து, ஒரு மாசம் நன்றாக இருந்தார். கம்பெனிக்குக்கூட நாலு நாள் போனார். அப்புறம் வயிற்றுக்குள் நெறி கட்டிவிட்டது. துடைத்த கதையைக் கடைசி வரைக்கும் பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சிரித்தார். ஒரு தரம்கூட அதில் குத்தல் இல்லை. குத்தல் இருந்திருந்தால் கமலாம்பாளுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். எழுபத்து நாலு புரட்டாசி முதல் சனிக்கிழமை காலையில் போய்ச் சேர்ந்தார். நாற்பத்தொரு வயசு.

காரியம் முடிந்து அவள் மறுபடி மேசைக்குப் போனாள். வேலை பழையபடி ஓடியது. ஐப்பசியில் விரல் நுனிகள் வெடித்து, வெள்ளைப் பனியனில் அவள் ரத்தமே கறையாக விழ ஆரம்பித்தது. தேய்க்கிறபோது அவளுக்கு எரியவில்லை. ரத்தம் வருவது துணியைப் பார்த்துத்தான் தெரிந்தது. சூப்பர்வைசர் அவளை டாக்டரிடம் போகச் சொன்னார்.

டாக்டர் திருமூர்த்தி அவள் கையை விளக்குக்கடியில் வைத்துப் பார்த்தார். ஒரு குண்டூசியை எடுத்து விரல் நுனியில் லேசாகக் குத்தினார்.

“தெரியுதா?”

“இல்லீங்க.”

அடுத்த விரல். “இது?”

“இல்லீங்க.”

“பெட்ரோலத் தொடறத நிறுத்தோணும்மா.” களிம்புக்குச் சீட்டு எழுத ஆரம்பித்தார். வேலுமணி வெளியே யாருக்கோ மருந்து கலக்கிக்கொண்டிருந்தான். கல்யாணமாகிவிட்டது அவனுக்கு.

“டாக்டரே” என்றாள் கமலாம்பாள். ஒரு வருஷமாக அவளுக்குள் இருந்த ஒரே கேள்வி அது. “போன ஐப்பசியில அந்தக் கண்ணாடிய நான் தொடைக்காம இருந்திருந்தா அவரு இன்னைக்கு இருந்திருப்பாருங்களா?”

டாக்டரின் பேனா நின்றது.

“இல்லம்மா” என்றார். “அப்பவே முத்திப்போச்சு. அன்னைக்கே பாத்திருந்தாலும் இப்பிடித்தான் ஆயிருக்கும். நாலு மாசத்துல ஒண்ணும் மாறியிருக்காது. அத மனசுல வெச்சுக்காதீங்க.”

சொல்லிக்கொண்டே மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மேசைமேல் இருந்த ஒரு துண்டுத் துணியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். ஒரு பக்கம் துடைத்தார், மறுபக்கம் துடைத்தார், மறுபடி முதல் பக்கம். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

விளக்கு வெளிச்சம் நேராக அந்தக் கண்ணாடிமேல் விழுந்துகொண்டிருந்தது. கமலாம்பாள் பார்த்தாள். மிளகில் பாதி அளவுத் திட்டு இருந்தாலும் கண்டுபிடித்துவிடுகிற கண் அவளுக்கு. அந்தக் கண்ணாடியில் துடைப்பதற்கு ஒன்றுமே இல்லை.